எடைப்பெட்டி காதில் வாங்காத சேதி

புதுவயல்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மருமகன் செம்மலைக்கு, மாமன் சேவுகப்பெருமாள் எழுதிக்கொண்டது. எனக்கும் உன் அத்தை அனுசுயாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் எடைமேடைக்குத்தான். அதற்குக் காரணம் நீ.

ராமநாதன் அரிசி ஆலையில் லாரியின் எடையைக் கணினிக்குக் கொண்டுவரும் சின்னப் பெட்டி இருக்கிறதே, அதை ஓட்டுவதற்கு நீ எழுதிக்கொடுத்த டிரைவர் நிரலைத்தான் சொல்கிறேன். உமித்தூசி அடைவதால் தினமும் காலையில் அந்தப் பெட்டியைக் கழற்றி ஊதி மாட்டுவேன். வெடுக்கென்று பிடுங்குகிற ஆள் இல்லை நான். கணினியிடம் முறையாகக் கேட்டுத்தான் கழற்றுவேன். திங்கட்கிழமை கேட்டேன். ‘உபயோகத்தில் இருக்கிறது, இப்போது கழற்ற முடியாது’ என்றது. நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பெட்டி கழலவும் இல்லை, எடை காட்டவும் இல்லை. மேடையில் இருபது டன் நெல்லோடு லாரி நிற்கிறது, திரையில் ஒன்றுமே இல்லை. கணினியை அணைத்து எழுப்பினால்தான் உயிர் வருகிறது. மறுநாளும் இதே கதை, அதற்கு மறுநாளும் இதே கதை.

“அண்ணே, எம்புட்டு நேரம் அதுகிட்டக் கெஞ்சிக்கிட்டு இருப்பீக? புடுங்கி மாட்டுங்கண்ணே!” என்றார் முதலாளி ராமநாதன்.

“லாரி மேடையில நிக்கையில புடுங்க மாட்டேன். எடை பாதியில போயிரும்.”

“அப்பச் சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா காரைக்குடியிலருந்து ஒரு ஆளு வந்து உக்காருவாரு. நீங்க வீட்டுல இருந்துக்கிருங்க.”

பத்தொன்பது வருஷம் உட்கார்ந்த நாற்காலி, செம்மலை. விடமாட்டேன். மூன்று நாள் நானே படித்துக் கண்டுபிடித்துவிட்டேன். ‘கழற்றலாமா?’ என்று, கணினிக்குள் எல்லாவற்றையும் மேய்க்கும் தலைமை நிரலான கர்னல் ஒவ்வொரு டிரைவராகக் கேட்கும். உன் டிரைவர் ‘சரி’ என்று சொல்லி, எடை வாசிப்பதை நிறுத்திவிட்டுப் புறப்படத் தயாராகிறது. வேறு ஒன்று ‘முடியாது’ என்கிறது. உடனே கர்னல், ‘கழற்றுவது ரத்து, வேலையைப் பாருங்கள்’ என்று முன்பு சரி சொன்னவர்களுக்கெல்லாம் சேதி அனுப்புகிறது. உன் டிரைவர் அதைக் காதிலேயே வாங்குவதில்லை.

மீனாள் மகள் காதுகுத்துக்குக் கீழச்சிவல்பட்டி போக வேன் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் சரி என்றோம். உன் அம்மா ஈஸ்வரி மட்டும், “எனக்கு நேருல வந்து சொல்லல. ஒருத்தரும் போகக் கூடாது” என்றாள். பயணம் ரத்து. வேன்காரர் எனக்குப் போன் பண்ணியிருக்கிறார். போன் பைக்குள் கிடந்தது. வீட்டைப் பூட்டி, சலவை வேட்டியோடு மத்தியானம் ஒரு மணி வரை தெருவில் நின்றேன். போகவும் இல்லை, சோறும் இல்லை. உன் பெட்டி இப்போது அப்படித்தான் நிற்கிறது.

ஆகவே ரத்துச் சேதி வந்ததும் வாசிப்பைத் திரும்பத் தொடங்கும்படி நாலு வரி எழுதி நாளை மாலைக்குள் அனுப்பு. தபால் தாமதமாகும், அதனால் இதைப் படம் பிடித்து உன் போனுக்கே அனுப்புகிறேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உனக்கும் உண்டு, அந்த நாலு வரி வந்த பிறகு.

உன் மாமன்,
சேவுகப்பெருமாள்

பின்குறிப்பு: படம் பிடிக்கும் முன் உன் பழைய மின்னஞ்சல்களைப் புரட்டினேன். நான் கேட்ட அதே வரிகளை எழுதி, மாசி மாதமே புது டிரைவர் அனுப்பியிருக்கிறாய். நானும் ஏற்றப் பார்த்திருக்கிறேன். ‘பழையதை எடுத்துவிடலாமா?’ என்று கேட்டது. ஓடுகிறதை எதற்கு எடுக்க வேண்டும் என்று ‘கூடாது’ அழுத்தியது நான்தான். இன்று ‘சரி’ அழுத்தினேன். கழற்ற முடியாது என்று கணினி சொன்ன பிறகும் எடை வருகிறது. காரைக்குடி ஆள் தேவையில்லை என்று ராமநாதனிடம் சொல்லிவிட்டேன். என்ன கோளாறு என்று கேட்டார். “கர்னல் விசயம், உங்களுக்குப் புரியாது” என்றேன். உன்னைக் கேட்டாலும் அதையே சொல்.