சுவர் வந்துவிட்டது

காதல் வந்தால் சிலருக்குக் கவிதை வரும். எனக்கு ஜாவா வந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எம்.சி.ஏ. வகுப்பில் வாசுகி என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கம்ப்யூட்டர் மொழியைக் கரைத்துக் குடித்தேன். அதில் எதற்கும் முதலில் கிளாஸ் என்றொரு அச்சு வேண்டும், அதில் வார்த்தெடுப்பது ஆப்ஜெக்ட். பிறகு பார்த்ததெல்லாம் ஆப்ஜெக்டாகத் தெரிந்தது. டீக்கடை ஓர் ஆப்ஜெக்ட். பால், டிகாஷன், மாஸ்டரின் கோபம் எல்லாம் அதற்குள் பத்திரம். என் மனசும் அப்படித்தான். அவளைப் பற்றியதெல்லாம் உள்ளேயே இருந்தது.

பெங்களூர் கம்பெனி ஒன்று எங்கள் இருவரையும் சென்னைக்கு இன்டர்வியூவுக்கு அழைத்தது. இருவருக்கும் கிடைத்தால் இருவரும் ஒரே ஊரில் இருப்போம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான் (சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூட மறந்துபோனேன்).

அங்கே ஃபங்ஷன் கம்போசிஷன், அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் இரண்டு துண்டு நிரல்களை ஒன்றாகக் கோப்பது எப்படி என்று கேட்பார்கள் என்று பேச்சு. தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து போகும் வாசுகி, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலேயே பாடம் எடுத்தாள்.

"கீழ்பென்னாத்தூர் பஸ் என்னை இங்க இறக்கி வுடுது. பெங்களூர் பஸ் இங்கேர்ந்து ஏத்திக்குது. ரெண்டையும் சேர்த்தா எங்க ஊர்லேர்ந்து பெங்களூருக்கு ஒரே பஸ் மாதிரி. அவ்ளோதான் கம்போசிஷன்."

"ரெண்டையும் யாரு மேய்க்கிறது? டெப்போன்னு ஒரு கிளாஸ் வேணாமா?"

"எதுக்கு? இது இறக்கி வுடுற எடத்துல அது ஏத்திக்கிட்டா போதும்."

புரிந்த மாதிரி தலையாட்டினேன். (அவள் காதில் ஆடிய ஜிமிக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

இன்டர்வியூவில் ஒரே கல்லூரி என்பதால் இருவரையும் சேர்த்தே உட்காரவைத்தார்கள். ஒரு பெயருக்கு முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்க ஒரு ஃபங்ஷன், அதன் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிதாக்க ஒரு ஃபங்ஷன். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். நான் பாய்ந்துபோய் மார்க்கரை எடுத்தேன். நீக்குவதற்கு ஒரு கிளாஸ், பெரிதாக்குவதற்கு ஒரு கிளாஸ், இரண்டையும் கண்காணிக்க ஒரு மேனேஜர், அந்த மேனேஜரை உண்டாக்க ஒரு ஃபேக்டரி. போர்டு முடிந்தது. என் உற்சாகம் முடியவில்லை. புதிதாக வெள்ளையடித்திருந்த சுவரில் தொடர்ந்தேன்.

"தம்பி, செவுரு வந்துடுச்சு" என்றார் அதிகாரி.

"பரவால்ல சார், இன்னும் ரெண்டே மெத்தட்தான்" என்றேன்.

அடுத்து வாசுகி எழுந்தாள். என் கிளாஸ்களுக்கு நடுவே இடம் தேடி, மூலையில் உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள். ஒரு ஃபங்ஷன் தருவதை இன்னொன்று வாங்கிக்கொண்டது. மேனேஜர் இல்லை, டெப்போ இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கத்திலும் அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் செஞ்சி தாண்டியதும் கேட்டாள்: "எதுனா சொல்லணுமா சேகர்?"

தொண்டை வரை வந்தது. "அந்த மேனேஜர் கிளாஸ் தேவையே இல்லதான்" என்றேன்.

சிரித்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கீழ்பென்னாத்தூரில் இறங்கிப் போய்விட்டாள்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. அவள் கிளம்பிய அன்று வழியனுப்பப் போயிருந்தேன். கீழ்பென்னாத்தூர் பஸ் அவளை இறக்கிவிட்டது. பெங்களூர் பஸ் ஏற்றிக்கொண்டது. நடுவில் நான் நின்றேன். இரண்டு பஸ்ஸுக்கும் நான் தேவைப்படவில்லை.

பிறகு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு, கல்லூரியில் வாத்தியார் வேலை, கல்யாணம் எல்லாம் ஆனது. கல்யாணமான புதிதிலேயே என் மனைவி உமாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன் (அந்த ஒரு தடவைதான் உள்ளே எதையும் வைத்துக்கொள்ளவில்லை). அன்றிலிருந்து நான் எதையாவது நீட்டி முழக்கினால் வீட்டில் எல்லோரும், "செவுரு வந்துடுச்சு!" என்பார்கள். என் பெண் பேசக் கற்றதும் அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் குடும்பத்தோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றது. இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி ஆளும் இறங்கிய பிறகும் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

உமா மெல்லத் தோளைத் தொட்டாள்.

"செவுரு வந்துடுச்சுங்க. வாங்க, ஆட்டோ நிக்குது."