அப்பாவுக்குச் சந்தன மாலை

விருது விண்ணப்பக் கட்டுரையில் மாட்டிக்கொள்ளப் பொய் எழுத வேண்டும் என்றில்லை. ஒரு தகவலை விட்டுவிட்டாலே போதும். நான் விட்டது சின்னத் தகவல்தான்: அப்பா உயிரோடு இருக்கிறார்.

அப்போது நான் லிசே என்கிற பிரெஞ்சு உயர்பள்ளியில் கடைசி வகுப்பு. உயர்ந்த புள்ளி எடுத்தவர்களுக்கென்று அங்கே ஒரு மாணவர் கழகம் இருந்தது (அதன் சின்னத்தைக் குளிர்ச்சட்டையில் குத்திக்கொண்டு மெத்ரோவில் போவேன், ஒருவரும் என்னவென்று கேட்டதில்லை). கழகத்தின் பெயரில் நானும் நிரோஷாவும் சிறிலும் சனிக்கிழமைகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தோம். இடம், தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அப்பாவின் பலசரக்குக் கடைப் பின்னறை. அரிசி மூட்டைகள்தான் இருக்கைகள். கட்டட உரிமையாளர் அந்த அறையைத் திருப்பிக் கேட்டுவிட்டார். மாணவர் கழகங்களுக்கான ஒரு விருதை வென்றால் நூலகத்தில் நிரந்தரமாக ஓர் அறை தருவார்கள். தோற்றால் வகுப்பு அத்தோடு சரி.

கட்டுரையின் தலைப்பு: 'உங்கள் பணியைச் சாத்தியமாக்கிய ஒருவர்.' அப்பாவைத் தேர்ந்தெடுத்தோம். ஆளுக்கொரு பகுதி. சிறில் அரிசி மூட்டைகளைப் பற்றி எழுதினான். நிரோஷா சிறுவர்களைப் பற்றி எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"முடிவிலை கொஞ்சம் பண்பாட்டைப் போடடி. வாசிக்கிற சனம் உருகிப்போகும்."

போட்டேன். 'எங்கள் பண்பாட்டில் பெரிய மனிதர்களை மாலையிட்டு, விளக்கேற்றிக் கௌரவிப்போம்' என்று முடித்தேன். எந்த மாலை, அதை எதில் போடுவது என்று எழுதவில்லை. கூடவே அப்பாவின் படத்தையும் அனுப்பினோம். வதிவிட அட்டைக்காக எடுத்தது. சிரிக்கக்கூடாது என்ற விதியை அப்பா அளவுக்கு மீறி மதித்த படம்.

இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். முடிவை விழாவிலேயே சொல்வார்கள், குடும்பத்தோடு வாருங்கள் என்றார்கள். அப்பா கடையைப் பூட்டினார். அம்மா மட்டன் ரோல்ஸ் பெட்டியோடு புறப்பட்டார்.

மண்டப வாசலில் அப்பா எங்களை வரவேற்றார். ஆள் உயரப் படம். கறுப்புச் சட்டகம். சந்தன மாலை. கீழே மினுங்கும் சிவப்பு மின்குமிழ்.

படத்தின் முன்னால் அப்பாவின் நண்பர், விழாவுக்கென்று பியர்ஃபித்திலிருந்து வந்திருந்த செல்வம், கைகூப்பி அழுதுகொண்டிருந்தார். அம்மாவின் கையிலிருந்து பெட்டி நழுவியது. ரோல்ஸ் உருண்டு போய்ப் படத்தின் அடியில் நின்றன (படையல் ஒன்றுதான் குறையாக இருந்தது).

"ஐயோ கடவுளே! ஆரடி இதைச் செய்தது?" என்றார் அம்மா.

செல்வம் திரும்பினார். அப்பாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணை... நீங்கள்... கடையும் பூட்டிக் கிடந்தது... நான் வாட்ஸ்அப் குறூப்பிலை போட்டிட்டனே!"

"என்னத்தையடா போட்டனி?"

"படத்தைத்தான் அண்ணை. கண்ணீர் அஞ்சலி எண்டு."

அப்பாவின் சட்டைப்பையில் தொலைபேசி அதிரத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து விழா அமைப்பாளரான பிரெஞ்சுப் பெண்மணி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அவரே லா சப்பலுக்குப் போனாராம். கடைகளில் மதிப்புக்குரியவர்களின் படங்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அப்படியே செய்தாராம். சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டார்.

மிகச் சரியாக வந்திருந்தது. காசு மேசைகளுக்கு மேலே தொங்கும் காலஞ்சென்ற முதலாளிமார் ஒருவரையும் அவர் தவறவிடவில்லை. நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டியவள் நான். போய்ப் பார்த்தவர் அவர்.

அவருக்குப் பின்னால் நடுவர்கள் வந்து நின்றார்கள். விஷயத்தைச் சொன்னால் அந்த மனுஷி கூனிக் குறுகிப்போவார். எங்கள் அறையும் போய்விடலாம். வாயைத் திறந்தேன்.

"பிள்ளை," என்றார் அப்பா மெதுவாக. "நான் எப்ப செத்துப் போனனான்?"

"அப்பா, கட்டுரையிலை நான்தான்..."

"சரி, சரி. பிறகு கதைப்பம்."

படத்திலிருந்து மாலையை எடுத்தார். தன் கழுத்தில் போட்டுக்கொண்டார் (காதில் மாட்டியது, அம்மா இழுத்துவிட்டார்). குனிந்து மின்குமிழின் இணைப்பைப் பிடுங்கினார். பிறகு நடுவர்களைப் பார்த்து, "மெர்சி" என்று நன்றி சொன்னார்.

கைதட்டல் மண்டபத்துக்குள்ளிருந்தும் கேட்டது. சடங்கின் இரண்டாம் பகுதி அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். அறை எங்களுக்குக் கிடைத்தது. சிறுவர்கள் இன்றும் அங்கேதான் படிக்கிறார்கள். விழாவில் கௌரவிக்கப்படும் வெள்ளைக்காரர்களும் ஆண்டுதோறும் தங்கள் படத்திலிருந்து மாலையைத் தாங்களே எடுத்து அணிந்து, விளக்கை அணைக்கிறார்கள். தமிழ்ப் பண்பாடு என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். திருத்த எனக்குத் தைரியமில்லை.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் தொலைபேசி ஓயவில்லை. ஆர்ஜொந்தெயிலிருந்து அத்தை எடுத்தபோது ஒப்பாரியே தொடங்கிவிட்டது.

"அழாதையுங்கோ அக்கா, நான்தான் கதைக்கிறன்" என்றார் அப்பா, ஆறுதலாக.

மறுமுனையில் ஒரு வீறிடல். பிறகு தொலைபேசி விழுந்து உடையும் சத்தம்.

அத்தை இப்போதும் ஞாயிறு தோறும் அழைக்கிறார். சுகம் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி உண்டு.

"தம்பி, உயிரோடைதானே கதைக்கிறாய்?"

"இண்டைக்கு ஓம், அக்கா" என்பார் அப்பா, என்னைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்கு என்னெண்டு பிள்ளையைத்தான் கேக்க வேணும்."