வனஜாவின் சூட்டுக்குக் கஜபதி பார்த்த வைத்தியம்

மார்கழி மாதத்தில், வீட்டுக்குள்ளே, குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்ட மனுஷன் ஆவடி குவார்ட்டர்ஸிலேயே கஜபதி ஒருத்தர்தான். தலைக்கு மேலே ஃபேன் அஞ்சாம் நம்பரில் பிய்த்துக்கொண்டு சுற்றியது. விண்ட இட்லி வாய்க்குப் போய்ச் சேருவதற்குள் ஐஸ் கட்டியாகிவிடும். எதிரே அவர் மனைவி வனஜா முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"வனஜா, ரெண்டுல வெக்கட்டுமா?"

"எதை?"

"ஃபேனைத்தான்."

"வையி. நான் போயி குழாயடியில உக்காந்துக்கறேன்."

கஜபதி அடுத்த இட்லியை விண்டார். 'வைங்க' என்று வரவேண்டிய இடத்தில் 'வையி' வந்துவிட்டது. இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த தெர்மாமீட்டர் அது. வனஜா சாதாரணமாக இருந்தால் 'நீங்க'. சூடு ஏறினால் 'நீ'. 'யோவ்' என்று வந்துவிட்டால் ரேடியேட்டர் கொதிக்கிறது, பக்கத்தில் நிற்கக் கூடாது.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். கஜபதிக்கு ஐம்பத்து மூணு, வனஜாவுக்கு நாற்பத்தெட்டு. ஒரே பெண்ணை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ராணுவ டேங்க் செய்கிற ஃபேக்டரியில் அவர் சார்ஜ்மேன், மேஸ்திரி மாதிரி. எஞ்சின் எங்கே சூடாகிறது, எதனால் சூடாகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் வீட்டிலிருந்த எஞ்சின் எதனால் சூடாகிறது என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பாள். திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பிக் கழுத்தைத் தாண்டி முகத்துக்கு ஏறும். முகம் தக்காளியாகும். ரவிக்கை தொப்பலாக நனையும். ரெண்டு நிமிஷத்தில் அடங்கி, உடனே குளிருகிறது என்பாள். அதற்கப்புறம் ஏதாவது ஒரு சின்ன விஷயத்துக்கு அழுவாள். போன வாரம் பால் குக்கர் விசிலடிக்கவில்லை என்று அரைமணி நேரம் அழுதாள்.

ஆடியிலிருந்து அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. அதை அவள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பேச்செல்லாம் புருஷன்மார் காது வரைக்கும் வராது. வந்தாலும், தினத்தந்தியை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள்.

முதலில் கஜபதி தொழிலாளி புத்தியைக் காட்டினார். வனஜா பால் பூத்துக்குப் போன நேரம், ரெகுலேட்டரைக் கழற்றி உள்ளே கம்பியை மாற்றிவிட்டார். அஞ்சில் வைத்தாலும் ரெண்டில்தான் சுற்றும். வனஜா வந்தாள். ஃபேனை அண்ணாந்து பார்த்தாள். நாலு ஜன்னலையும், முன் கதவையும், பின் கதவையும் திறந்துவிட்டாள். மார்கழிக் காற்று ஓசியில் உள்ளே வந்தது. அன்று சாயங்காலமே கஜபதி தும்மிக்கொண்டே ரெகுலேட்டரைப் பழையபடி மாற்றினார்.

"டாக்டராண்ட போலாமா வனஜா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"எனக்கு இன்னா நோவு? தும்மறது நீ. நீ போ."

மறுநாள் ஃபேக்டரி சைக்கிள் ஸ்டாண்டில் கோதண்டத்திடம் அழாத குறையாகச் சொன்னார். கோதண்டம் அவரோடு ஃபேக்டரியில் ஒரே பிரிவில் வேலை. பக்கத்து பிளாக்கில் வீடு.

"இதுக்கா மாமே கலங்குற?" என்றார் கோதண்டம். "எங்க ஊட்ல சொல்லிச்சு. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு ஆர்மோனியம் கொறஞ்சுடுமாம்."

"ஆர்மோனியமா? அதுக்கும் பொம்பளைக்கும் இன்னா மச்சான் சம்மந்தம்?"

"இன்னா சம்மந்தமா? சுதி ஏறுதா இல்லியா?"

"ஏறுது."

"தாளம் தப்புதா?"

"தப்புது."

"அப்புறம் இன்னா! பூந்தமல்லில வஹீதுன்னிசான்னு ஒரு லேடி டாக்டர் கீறாங்களாம். கெட்டிக்காரங்களாம். அங்க இட்டுகினு போ."

"கூப்ட்டா வரமாட்டேங்குறா மச்சான்."

"அதைப் போயி கூப்டுவாங்களா? உனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு. தொணைக்கு வரும். வந்த எடத்துல டாக்டரம்மா பேச்சோட பேச்சா அதையும் பாத்துடும். கோழிய புடிக்கணும்னா கூடைய காட்டக் கூடாது மாமே, அரிசிய காட்டணும்."

கஜபதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோதண்டத்துக்கு இவ்வளவு மூளையா! சனிக்கிழமை அரை ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே பூந்தமல்லிக்கு பஸ் ஏறினார்.

டாக்டரம்மா வெள்ளைக் கோட்டுக்கு மேலே முக்காடு போட்ட, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா. கஜபதி தன் திட்டத்தைக் குரலைத் தாழ்த்தி முழுக்க விவரித்தார். அவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்தது.

"ரொம்ப நல்ல திட்டம். செவ்வாய்க்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க," என்றார்கள். "ஒண்ணே ஒண்ணு. நீங்க வெறும் வயித்தோட வரணும்."

"நானா? எதுக்கும்மா?"

"நடிப்புன்னா தத்ரூபமா இருக்க வேணாமா?"

டாக்டரம்மாவும் தன் பக்கம்தான் என்று கஜபதிக்கு மனசு நிறைந்துபோனது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பாக்கெட் மிக்சர் வாங்கி, வீட்டுக்கு வருவதற்குள் தானே காலி செய்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"வனஜா... ஒரு மாதிரியா கீது."

"எங்க?"

"நெஞ்சுல."

"எந்தப் பக்கம்?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. "ரெண்டு பக்கமும்," என்றார்.

வனஜா பதறவில்லை. "சரி, கெளம்புங்க, டாக்டராண்ட போலாம்," என்று பீரோவிலிருந்து புடவையை எடுத்தாள். 'கெளம்புங்க' என்றாள்! மீன் இவ்வளவு சுலபமாகத் தூண்டிலைக் கவ்வும் என்று கஜபதி எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து அவள் வடகறி செய்திருந்தாள். அவர் உயிரை விடுகிற பதார்த்தம். சோம்பு வாசனை வாசல் வரைக்கும் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தது. "எனக்கு வேணாம்மா, பசியில்ல," என்று சொல்லும்போது நிஜமாகவே நெஞ்சு வலித்தது. வனஜா பாத்திரத்தை மூடி வைத்தாள்.

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் உஸ்மான் கனி பாய் தலையைத் தூக்கினார். "ஆவடி கஜபதிதானே? மொதல் நம்பர் போட்டு வெச்சிருக்கேன். உள்ள போங்க."

டாக்டரம்மா அவரை உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கினார்கள். ஒரு தடவை பார்த்தார்கள். இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார்கள். கஜபதி பொறுமையிழந்து, வனஜாவைக் காட்டி டாக்டரம்மாவிடம் கண்ணைச் சிமிட்டினார். இன்னும் பலமாகச் சிமிட்டினார்.

"கண்ல தூசி விழுந்திருக்கா?" என்றார்கள் டாக்டரம்மா.

"இல்லம்மா, அது வந்து... இவங்களையும் கொஞ்சம்..."

"பேசாதீங்க. நூத்தி எண்பதுக்கு நூத்திப் பத்து." டாக்டரம்மா முகத்தில் சிரிப்பு இல்லை. "உங்க தலைக்குள்ள பிரஷர் குக்கர் வெச்சுக்கிட்டு நடமாடறீங்க. கைய நீட்டுங்க, ரத்தம் எடுக்கணும். அதுக்குத்தான் வெறும் வயித்தோட வரச் சொன்னேன்."

ஊசி ஏறியது. கஜபதி திரும்பி வனஜாவைப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த காலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வனஜாம்மா," என்றார்கள் டாக்டரம்மா, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "போன மாசம் கொடுத்த கால்சியம் மாத்திரை தீர்ந்துடுச்சா?"

கஜபதிக்கு அறை ஒரு சுற்றுச் சுற்றியது.

"போன மாசமா?"

"மூணு மாசமா வர்றாங்க உங்க வீட்டம்மா. போன வாரங்கூட வந்தாங்க. வர்றப்பல்லாம் அவங்களப் பத்திக் கொஞ்சம் பேசுவாங்க, உங்களப் பத்தி நெறைய பேசுவாங்க." டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்கள். "நீங்களும் தெரிஞ்சுக்கணும், கேளுங்க. இவங்களுக்கு வந்திருக்கறது நோய் இல்ல. மாதவிலக்கு நிக்கற வயசு. இத்தனை வருஷம் சினைப்பையில சுரந்த ஹார்மோன் இப்ப குறையுது. உடம்பு அதுக்குப் பழகற வரைக்கும் இந்த அனல், வேர்வை, தூக்கம் கெடறது, கோபம், அழுகை எல்லாம் இருக்கும். எலும்பும் பலம் குறையும். கேழ்வரகு, எள்ளு, கீரை, பால் சாப்பிடணும். தெனம் நடக்கணும். அப்புறம், ரெகுலேட்டர்ல கை வைக்காத புருஷன் வேணும்."

கஜபதி தலையைக் குனிந்துகொண்டார். அந்த ரெகுலேட்டர் பூந்தமல்லி வரைக்கும் வந்திருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் வனஜா. வெள்ளவேடு பக்கத்துக் கொய்யா ரெண்டு வாங்கி மடியில் வைத்திருந்தாள். பஸ் பாதி வழி வந்தது.

"கோதண்டம் பய கவுத்துட்டான்," என்றார் கஜபதி.

"அவர ஏன் திட்டறீங்க? பாவம், தாயம்மா சொல்லிக் குடுத்தத அப்படியே ஒப்பிச்சாரு." தாயம்மா கோதண்டத்தின் சம்சாரம்.

"தாயம்மாவுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

வனஜா கொய்யாவைத் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

"நேரா கூப்ட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?" என்றார்.

"நாலு வருஷமா கூப்டறேன். ஃபேக்டரி ஆஸ்பத்திரிக்குப் போனா லைட் டூட்டின்னு சும்மா உக்கார வெச்சிடுவான்னு நழுவினது யாரு?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஐப்பசில உங்கக்கா ஊட்டுக்குப் போனோமே, ஞாபகம் கீதா? ஆவடி ஸ்டேஷன் பிரிட்ஜ் மேல பாதியில நின்னுட்டீங்க. கம்பியப் புடிச்சிகினு மூச்சு வாங்கிச்சு. இன்னா ஆச்சுன்னு கேட்டா, கூட்ஸ் வண்டிப் பொட்டி எண்ணறேன்னீங்க."

"ஆமா, எண்ணினேன்."

"கீழ வண்டியே இல்ல."

அவள் முகம் சிவந்து வேர்த்துக்கொண்டு வந்தது. அனலா அழுகையா என்று தெரியவில்லை. கஜபதி எட்டி, அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை மேலே தள்ளி முழுக்கத் திறந்துவிட்டார். காற்று உள்ளே வந்து ரெண்டு பேர் முகத்திலும் அடித்தது. அவர் தும்மினார். தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பொங்கலுக்கு அப்புறம் வந்த சாயங்காலங்களைக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அஞ்சு மணி சங்கு ஊதும். ஃபேக்டரி கேட் திறந்து சைக்கிள்கள் வெள்ளமாகப் பாயும். அரைமணி நேரத்துக்கு ரோடெல்லாம் மணிச்சத்தம். அது வடிந்ததும், வேப்பமர வரிசையில் வனஜாவும் கஜபதியும் நடக்கக் கிளம்புவார்கள். காலில் கான்வாஸ் ஷூ. புடவைக்குக் கீழே வனஜாவுக்கும் அதேதான். முதல் வாரம் பிள்ளைகள் சிரித்தார்கள். ரெண்டாவது வாரம் தாயம்மா சேர்ந்துகொண்டாள். சித்திரைக்குள் பதினோரு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏழெட்டுப் புருஷன்மார்கள். முன்னே போகும் பெண்கள் அனலைப் பற்றியும் முட்டி வலியைப் பற்றியும் சத்தம் போட்டே பேசினார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு முகத்தை மறைத்துக்கொள்ள அந்த ரோட்டில் பேப்பர் கிடையாது, கேட்டுக்கொண்டே நடந்தார்கள்.

கல்யாணமான புதிதில் அம்பத்தூருக்கு சினிமா பார்க்கப் போனது கஜபதிக்கு நினைவு வரும். அப்போதெல்லாம் அவர் பத்தடி முன்னே விறைப்பாக நடப்பார். வனஜா கொலுசு சத்தம் கேட்கப் பின்னாலேயே ஓடி வருவாள். ஒரு தடவைகூட அவர் நின்று திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது பத்தடி முன்னே போவது அவள். ஆனால் நாற்பது தப்படிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பாள். அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி நடப்பாள். அப்படி அவள் நிற்கும்போதெல்லாம் கஜபதிக்கு என்னவோ போலிருக்கும்.

ஒருநாள் அப்படி அவர் எட்டிப் பிடித்தபோது, மனசு இளகி, அவள் கையைத் தொட்டார்.

"வனஜா, உனக்கு இந்த அனல் எப்ப நிக்குமாம்? ரொம்ப கஷ்டப்படற."

"இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல தானா அடங்கிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"என்னுது? இந்த பிரஷரு?"

வனஜா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுது அடங்காதாம். ஆயுசுக்கும் மாத்திரையாம்."