நிச்சயதார்த்தச் சேலையை விழுங்கிய பெட்டி

மூடத் தெரிந்த அளவுக்குத் திறக்கத் தெரியாதவன் நான். இதை எவ்வளவோ வருடம் மறைத்துப் பார்த்தேன். என் வீட்டில் இருப்பவர்கள் மறைக்க விடுவதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டிவனத்துக்கு வெளியே ஒரு ஃபைபர் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். தண்ணீர்த் தொட்டி, கழிவறைக் கதவு என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்த பட்டறை. ஒருநாள் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வேர்க்கடலை விதை வியாபாரி வந்தார்.

"கொல்லையிலயே கிடக்கணும். வெயில், மழை, எலி, திருடன், எதுக்கும் அசையக் கூடாது. உள்ள இருக்கிற விதை மல்லாட்டை நமுத்துப் போகக் கூடாது. அந்த மாதிரி ஒரு பெட்டி பண்ணுவீங்களா?"

எங்கள் முதலாளி "பண்ணிடலாம் சார்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அங்கே மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன் நான் ஒருவன்தான். (ஒரு அரியர் பாக்கி. அது அவருக்குத் தெரியாது.)

நாலு மாதம் அந்த மூன்றடிப் பெட்டியோடு குடித்தனம் நடத்தினேன். கூரையிலிருந்து உருட்டிவிட்டோம். டிராக்டரை ஏற்றினோம். உள்ளே கருவாட்டை வைத்துக் கொல்லையில் போட்டோம். எலிகள் நாலு நாள் சுற்றிவந்து மனம் வெறுத்துப் போய்விட்டன. கடப்பாரை நுனிகூட நுழையாதபடி மூடியின் விளிம்பை உள்ளே பதித்து, சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டி, முன்பக்கம் இரண்டு கிளாம்ப் வைத்தேன். "எமனே வந்தாலும் நெம்ப முடியாது" என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பாக்கி இருந்தது தண்ணீர்ச் சோதனை. அதை நேரில் பார்க்க வியாபாரி குறித்த நாள், என் நிச்சயதார்த்த நாளாக அமைந்து தொலைத்தது. மாலை நாலு மணிக்குக் கண்டமங்கலம் பக்கத்தில் பெண் வீட்டில் நிகழ்ச்சி. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் மாப்பிள்ளை வீட்டுச் சேலையைக் கோயில் உபதேசியார் ஜெபம் சொல்லி எடுத்துக் கொடுப்பார். பெண் அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால்தான் பேச்சு உறுதி. சேலை இல்லை என்றால் நிச்சயமும் இல்லை. அந்தப் பட்டுச் சேலையைக் குஞ்சம் கட்டுவதற்காகத் திண்டிவனத்தில் ஒரு கடையில் கொடுத்திருந்தோம். காலையில் அதை வாங்கிக்கொண்டு, சோதனையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடிவருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

சித்திரை வெயில். பெட்டி காலையிலிருந்து வாயைத் திறந்தபடி முற்றத்தில் கிடந்தது. கை வைத்தால் சுட்டது. முதலாளி உள்ளே ஒரு பழைய பேப்பரை வைக்கப் போனார். வியாபாரி உதட்டைப் பிதுக்கினார்.

"பேப்பரு நனைஞ்சா யாருக்கு இன்னா நஷ்டம்? நம்பிக்கை இருந்தா, நீங்க பத்திரமா வெச்சிக்கினு இருக்கிற பொருளை உள்ள வைங்க."

அப்போது என் மண்டைக்குள் என்ன புகுந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கையிலிருந்த சேலைப் பையை உள்ளே வைத்து, "சாயந்திரம் எனக்கு நிச்சயதார்த்தம் சார். இது பொண்ணுக்குப் போற பட்டு" என்று சொல்லி மூடிக் கிளாம்பையும் போட்டுவிட்டேன். முதலாளிக்குக் கண் கலங்கியது. (பாசத்தால் என்று அப்போது நினைத்தேன். பயத்தால் என்று பிற்பாடு சொன்னார்.)

தொட்டியில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர். பெட்டி மூழ்க மறுத்ததால் நாலு பேர் அதன்மேல் ஏறி நின்றார்கள். அரை மணி நேரம். ஒரு குமிழி வரவில்லை. வெளியே எடுத்துத் துடைத்து, கிளாம்ப் இரண்டையும் தட்டிவிட்டு, மந்திரவாதி மாதிரி மூடியைத் தூக்கினேன். வரவில்லை.

இரண்டு கையாலும் தூக்கினேன். பெட்டியே மேலே வந்தது, மூடி வரவில்லை.

"இன்னாப்பா சவரி, கிளாம்ப கழட்டினியா?"

"கழட்டிட்டேன் முதலாளி."

"அப்ப எது புடிச்சிக்கினு இருக்குது?"

ரப்பர் உருகி ஒட்டிக்கொண்டது என்றார் முதலாளி. உள்ளே ஏதோ இருந்துகொண்டு இழுக்கிறது என்றார் டெம்போ டிரைவர். படித்தவன் சும்மா இருக்கக் கூடாதே என்று நான் "மெட்டீரியல் செட்டாகுது" என்றேன். அதற்கு அர்த்தம் எனக்கே தெரியாது. கடப்பாரை வந்தது, நுழைய இடமில்லை. இடமில்லாமல் செய்தவன் நான்தானே. ரம்பம் வந்தது; முதலாளி குறுக்கே படுக்காத குறை. இருப்பதே அந்த ஒரு பெட்டி, அதுவும் அறுபட்டால் சேலையும் சேர்ந்து அறுபடும்.

வியாபாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தண்ணி உள்ள போவல, ஒத்துக்கறேன். ஆனா பெட்டிக்காரனும் உள்ள போவ முடியாது போல இருக்குதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மணி ஒன்று. பெட்டியோடு டெம்போவில் ஏறினேன், முதலாளியும் கூடவே வந்தார். வெயிலில் பட்டு வெந்துவிடுமே என்று பெட்டியின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். சாக்கு காயக் காய, வழியில் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு எதிரே அப்படி ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு அருகில் வந்தார்.

"எப்போ ஆச்சுங்க?"

"பதினோரு மணிக்கு மூடுனோம்" என்றேன், இருந்த குழப்பத்தில். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்கும் அந்த ஆறுதல் தேவையாகத்தான் இருந்தது.

பெண் வீட்டுப் பந்தலில் பூ, பழம், இனிப்புத் தட்டுகளுக்கு நடுவே பெட்டியை இறக்கினோம். அம்மா ஓடிவந்தாள்.

"சேலை எங்கடா?"

பெட்டியைக் காட்டினேன்.

"அதை ஏண்டா அங்க வெச்ச?"

நியாயமான கேள்வி.

பெண்ணின் அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தட்டு எடுத்துக்கினு வருவாங்கன்னு பார்த்தா பொட்டி எடுத்துக்கினு வந்துகீறாங்க" என்றார். பெண்ணின் அண்ணன்மார் இரண்டு பக்கமும் நின்று வடம் பிடிப்பது போல இழுத்தார்கள். உபதேசியார், ஆறு மணிக்குக் கோயிலில் ஜெபமாலை இருப்பதை நினைவுபடுத்தினார். கூட்டத்தில் யாரோ, "வேற ஒரு நாள் பார்த்துக்கலாமே, இன்னா அவசரம்" என்றார்கள். பெண்ணின் அப்பா இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், ஆனால் அவளை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அப்போது அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அத்தை, அவர்கிட்ட கேளுங்க. மூடும்போது பெட்டி சூடா இருந்துச்சா?"

"ஆமாங்க" என்றேன். என் மனைவி ஜெயமேரியிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"அப்புறம் தண்ணியில போட்டாரா?"

"ஆமாங்க."

"வழியெல்லாம் ஈரச் சாக்கு வேற போட்டுக்கினு வந்தாரா?"

"ஆமாங்க." (இன்றுவரை அவளிடம் நான் அதிகம் பேசும் வார்த்தையும் இதுதான்.)

"சுடுசோத்தை டிபன் பாக்ஸ்ல போட்டு மூடினா, ஆறினதும் மூடி புடிச்சிக்காது? அதேதான் இது. உள்ள இருந்த காத்து ஆறி சுருங்கிப்போச்சி. சமையக்கட்டுல சுடுதண்ணி இருக்குது, எடுத்து ஊத்துங்க."

பாலிடெக்னிக்கில் வெற்றிடம் பற்றி எனக்கு ஒரு பாடமே இருந்தது. என் அரியரும் அதே பாடத்தில்தான்.

ஒரு அண்டா ஊற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது அண்டா பாதி காலியானபோது பெட்டி 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது. முதலாளி ஒரு விரலால் மூடியைத் தூக்கினார். சேலை மடிப்புக்கூடக் கலையாமல், ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. உபதேசியார் ஜல்தியாக ஜெபத்தை முடித்தார். கால் மணி நேரத்தில் அவள் அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வெட்கப்பட வேண்டிய வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது முதலாளி அவளிடமே நேராகக் கேட்டார். "ஏம்மா, கொல்லையில போய் எல்லாரும் சுடுதண்ணி வெச்சிக்கினு இருக்க முடியுமா?"

"மூடியில சின்னதா ஒரு ஓட்டை போட்டு ரப்பர் அடைப்பான் வெச்சிடுங்க. திறக்கறதுக்கு முன்ன அதைப் பிடுங்கினா போதும்."

தண்ணீர் புகாத பெட்டியில் ஓட்டையா என்று நான் இரண்டு நாள் பட்டறையில் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் துளை போட்ட கையும் என் கைதான். வியாபாரி மறுபடி வந்து பார்த்து ஆர்டர் கொடுத்தார். அந்த ரப்பர் அடைப்பானுக்குப் பட்டறைப் பையன்கள் 'அண்ணி மூடி' என்று பெயர் வைத்தார்கள். நான் வேலையை விட்ட பிறகும் அங்கே அதே பெயர்தான்.

வீட்டில் கதை வேறு மாதிரி நிலைத்துவிட்டது. நான் கோபித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால், ஜெயமேரி சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"பாப்பா, ஒரு அண்டா சுடுதண்ணி வைம்மா. உங்க அப்பா மூடிக்கினாரு."

தண்ணீர் கொதிக்கும்வரை நான் காத்திருப்பதில்லை.