கையால் செய்தது, கை வைக்காதே

அண்மைக் காலமாக நம்மிடையே ஓர் இனம் பெருகி வருகிறது. கைவினைப் பாண்ட ரசிகர் என்று பெயர். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்துப் பாருங்கள், குடிக்கமாட்டார். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பாகத்தைப் பார்ப்பார், விளிம்பை விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார், பிறகு இழவு வீட்டுக் குரலில் "மெஷின்ல செஞ்சது" என்று அறிவித்துவிட்டு, உங்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசை ஓரமாகத் தள்ளி வைப்பார். அந்தக் கோப்பையில் இதுவரை உங்களுக்கு ஏதாவது குறை தெரிந்ததா? இனிமேல் தெரியும்.

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத மாதிரி ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பிரிவுத் தலைவர். அடுத்தவர் வீட்டில் எது உடைந்தாலும் அது ஏன் எங்கள் பொறுப்பாகாது என்று மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதுவதில் முப்பது வருட அனுபவம். அலுவலகத்தில் அவருக்குச் 'சட்டி சார்' என்று பெயர். அது மரியாதையில் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். யாரும் திருத்தவில்லை.

எல்லாம் ஒரே ஒரு கோப்பையில் ஆரம்பித்தது. ஏதோ ஒரு கண்காட்சியில் பாசிப் பச்சை நிறத்தில் அதை வாங்கினார். கூடவே ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதில் நாலே வரி: கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், மெத்தென்ற பஞ்சால் கழுவவும், நன்றாக உலர்த்தி எடுத்து வைக்கவும், சந்தோஷமாகப் பயன்படுத்தவும். சட்டி சார் முதல் மூன்று வரிகளை விரித்து முப்பத்தாறு விதிகளாக்கிக் கணினியில் அடித்து அடுப்படிச் சுவரில் ஒட்டினார். நான்காவது வரி எப்படியோ அவர் கண்ணில் படவே இல்லை.

கோப்பை ஒன்று ஆறாயிற்று, ஆறு இருபத்திரண்டாயிற்று. கண்ணாடி அலமாரி வந்தது. அலமாரிக்குப் பூட்டு வந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவியும், கல்லூரியில் படிக்கும் மகளும், இருபத்திரண்டு கோப்பைகள் உள்ள வீட்டில் பிளாஸ்டிக் டம்ளரில் தேநீர் குடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு நாள் மனைவியின் தம்பி வந்திருந்தார். வெயிலில் வந்த மனிதர், தாகம். மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த அந்தப் பச்சைக் கோப்பையை எடுத்துக் குழாயில் தண்ணீர் பிடித்தார்.

"மாமா, கீழ வைங்க! அது அப்பாவோடது!" என்று மகள் அலறினாள்.

அலறல் கேட்டுப் பதறிய மாமா கீழே வைத்தார், கொஞ்சம் வேகமாகவே. விளிம்பில் ஓர் எள்ளளவு பெயர்ந்தது.

சட்டி சார் சத்தம் போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து மைத்துனரிடம் நீட்டினார்.

"நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்க மாப்பிள்ளை. எந்தக் கையில எடுத்தீங்க, எத்தனை விரல்ல பிடிச்சீங்க, அந்த நேரத்துல மனசு எங்க இருந்துச்சு, எல்லாம்."

"அத்தான், வேற ஒண்ணு வாங்கித் தந்துடறேன்."

"வாங்கித் தரலாம். அதைச் செஞ்ச கை வருமா?"

மைத்துனர் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. அக்காளைப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வாங்கி வைப்பவர் என்றைக்கு இருந்தாலும் செய்து பார்க்கக் கிளம்புவார். அது இந்த இனத்தின் இரண்டாம் கட்டம். ஊரின் மறுகோடியில், பழைய அச்சகக் கட்டடத்தில், ஓர் அம்மா ஞாயிறுதோறும் மண்பாண்ட வகுப்பு நடத்தினார். குள்ளமான உருவம், முழங்கை வரை காய்ந்த மண், அளந்த பேச்சு. பதினாலு பேர் படித்தார்கள். சட்டி சார் சேர்ந்த முதல் நாளே தைத்து வாங்கிய மேலங்கி, பதினோரு கருவிகள், அவற்றுக்குத் தோலில் ஓர் உறை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் கையெழுத்தைச் செதுக்கிய முத்திரை ஒன்று, இத்தனையோடும் போய் இறங்கினார். ஆமாம், ஒரு பானைகூடச் செய்வதற்கு முன்பே பானையின் அடியில் குத்த முத்திரை தயார்.

சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்த வேண்டும். முதல் பாடம் அதுதான். எல்லோரும் மூன்று வாரத்தில் நிறுத்தினார்கள். சட்டி சாருடைய மண் மட்டும் ஏழாவது வாரத்திலும் சக்கரத்தை விட்டுப் பறந்து சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அதனால் என்ன? தமக்கு வராததை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்க அவர் தயங்கியதே இல்லை. பக்கத்துச் சக்கரத்தில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"மண்ணோட பேசணும் சிஸ்டர்."

"என்ன சார் பேசறது?"

"நீங்க பேச வேண்டாம். அது சொல்றதை நீங்க கேக்கணும்."

"எனக்கு ஒரு காது மந்தம் சார்" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா வேலையைப் பார்த்தார்.

நர்ஸம்மா வகுப்புக்கு வந்ததற்கு ஒரே காரணம்தான். அவர் கணவருக்குக் கை நடுக்கம். கடைக் கோப்பை எதைக் கொடுத்தாலும் பாதி சட்டையில் போகிறது. மனைவி பிடித்துக் குடிக்க வைக்க வந்தால் மனிதருக்கு ரோஷம் வருகிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, அவர் விரல் தடிமனுக்கு அளவெடுத்து, ஒரு கோப்பை செய்ய வேண்டும். இரண்டு மாதத்தில் ஐந்து கோப்பைகளை அவரே நசுக்கிப் போட்டார். ஆறாவது சரியாக அமைந்தது. அதைக் காயவைத்த அன்று ஆசிரியைகூட ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அந்த வருடத்தில் இரண்டாவது தடவை.

சட்டி சாரும் ஒன்று செய்திருந்தார். சக்கரம் ஒத்துழைக்காததால் கையாலேயே அழுத்தி அழுத்தி ஒரு கிண்ணம்.

"சார், இது கிண்ணமா, அஸ்திவாரமா?" என்று கேட்ட ஆசிரியை, "இன்னும் ரெண்டு வாரம் காயட்டும். இவ்வளவு தடிப்புக்கு உள்ளே ஈரம் இருக்கும். சூளையில வெடிச்சுடும்" என்றார்.

இரண்டு வாரமா? திங்கட்கிழமை மேலாளர் மேசையில் அந்தக் கிண்ணத்தை வைப்பதாக அலுவலகம் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே! சூளை வெள்ளிக்கிழமை மாலை. இரும்பு பீரோ மாதிரி முன்பக்கம் கதவு வைத்த மின்சாரச் சூளை. பக்கத்தில் போகும் வேலையாகப் போனவர்போல் சட்டி சார் எட்டிப் பார்த்தார். தட்டுகளில் எல்லாம் அடுக்கியாகிவிட்டது. ஆசிரியை தொலைபேசி எடுக்க உள்ளே போனார். அவ்வளவு போதாதா? சட்டி சார் நடுத்தட்டில் நர்ஸம்மாவின் கோப்பையை மெல்ல முன்னால் நகர்த்தி, தம் கிண்ணத்தைப் பின்னால் நுழைத்துவிட்டு, பூனைபோல் வெளியே வந்தார். நெஞ்சு படபடவென்று அடித்தது. அதைக் கலைஞனின் பரவசம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சூளைக் கதவைத் திறந்தபோது உள்ளே உடைந்த ஓடுகள்தான் இருந்தன. பதினாலில் மூன்றுதான் முழுசாகத் தப்பின. நடுத்தட்டில் ஒன்றுமே மிச்சமில்லை. ஆசிரியை ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கீழே வைத்தார்.

"நடுத்தட்டுலதான் ஏதோ வெடிச்சிருக்கு" என்றார்.

நர்ஸம்மாவின் முகம் வெளுத்தது. "என்னோடதுதான் டீச்சர். ரெண்டாவது கைப்பிடி ஒட்டும்போதே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. உள்ளே காத்து நின்னிருக்கும். என்னால எல்லாரோடதும் போச்சே."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான்? வாயைத் திறந்து உண்மையைச் சொல்வான். சட்டி சாரும் வாயைத் திறந்தார்.

"வருத்தப்படாதீங்க சிஸ்டர். உடையறதுதான் மண்ணோட இயல்பு. நாம எதையும் இறுக்கிப் பிடிச்சுக்கக் கூடாது. இந்தத் துண்டுகளைப் பாருங்க, இதுலயும் ஒரு அழகு இல்லையா?"

"உங்க கிண்ணம் எங்க சார்? அலமாரியில காணோமே?" என்று யாரோ கேட்டார்கள்.

"வீட்டுல காயட்டும்னு எடுத்துட்டுப் போயிட்டேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து, குவியலில் கட்டைவிரல் தடிமனில் கிடந்த ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அழகை ரசிக்க அல்ல. அதன் அடியில் அவர் முத்திரை அட்சர சுத்தமாகப் பதிந்திருந்தது.

அன்று மாலை கைக்குட்டையைத் துவைக்க எடுத்த மனைவி அந்தத் துண்டோடு கூடத்துக்கு வந்தார்.

"ஏங்க, இது உங்க கையெழுத்துதானே?"

சட்டி சார் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். மனைவி விடவில்லை. கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு, கால் மணி நேரத்தில் தொலைபேசி, கதவு, நடுத்தட்டு எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்.

"அந்த அம்மா தன்னாலதான்னு நினைச்சுட்டு இருக்காங்களா?"

"நான் ஆறுதல் சொன்னேன். உடையறது இயல்பு, பற்று வைக்கக் கூடாதுன்னு..."

"என் தம்பி ஒரு எள்ளு பேத்ததுக்கு எழுதி வாங்கினீங்க. இன்னொருத்தங்க ரெண்டு மாசமா செஞ்சதை வெடிக்க வெச்சுட்டு வேதாந்தம் பேசிட்டு வந்திருக்கீங்க. உடைஞ்சது உங்க கோப்பையா இருந்தா இந்த ஞானம் வந்திருக்குமா?"

முப்பது வருடமாக மூன்று பக்கம் எழுதிய மனிதருக்கு ஒரு வரி வரவில்லை. எழுந்து அலமாரிப் பக்கம் போனார். கண்ணாடியில் தம் முகம் தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் யாருடைய உடைந்த குளியலறைக்கோ வந்த விண்ணப்பத்தை மறுப்புச் சொல்லாமல் அனுமதித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் எழுந்து நின்றார். "மனிதன் முதன்முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தபோது" என்று ஆரம்பித்தார். பத்து நிமிடம் போயிற்று. நெருப்பு இன்னும் பற்றவில்லை.

"சார், சுருக்கமா" என்றார் ஆசிரியை.

சட்டி சார் நெருப்பை அங்கேயே விட்டார். "நான்தான் வெச்சேன். என் கிண்ணம். ஈரத்தோட. உங்களுக்குத் தெரியாம."

அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சுருக்கமான பேச்சு அதுதான்.

நர்ஸம்மா சக்கரத்தை நிறுத்தினார். "ஒரு வாரமா என் கையைத் திட்டிட்டு இருந்தேன் சார். இனிமே வகுப்புக்கு வரவேணாம்னு முடிவு பண்ணித்தான், சொல்லிட்டுப் போகலாம்னு இன்னைக்கு வந்தேன்."

"சிஸ்டர், மன்னிப்புங்கறது..."

"மன்னிப்பு இருக்கட்டும். எனக்கு மண்ணு பிசையத் தோள்பட்டை வலிக்குது. நீங்க வந்து பிசைங்க. காத்து ஒரு பொட்டு இருக்கக் கூடாது."

அவருக்கு மட்டுமில்லை, பதின்மூன்று பேருக்கும் பிசைய வேண்டும் என்று ஆசிரியை தீர்ப்பைக் கொஞ்சம் விரிவாக்கினார். பதினோரு கருவிகளுக்கும் ஓய்வு. முதல் ஞாயிறு தோள் வலித்தது, இரண்டாம் ஞாயிறு இடுப்பு, மூன்றாம் ஞாயிறு எது வலிக்கவில்லை என்று தேட வேண்டியிருந்தது. நர்ஸம்மா அந்த மண்ணில் மூன்று கோப்பைகளை நசுக்கி, நான்காவதைச் சூளைக்கு அனுப்பினார். அது முழுசாக வந்தது. சட்டி சாரும் மனைவியும் ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அந்தக் கணவர் இரண்டு கைப்பிடியையும் பற்றி, யார் உதவியும் இல்லாமல் தேநீரைக் குடித்து முடித்தார். சட்டையில் ஒரு சொட்டு இல்லை. நர்ஸம்மா அந்தக் கோப்பையை வாங்கிக் கழுவுதொட்டியில், எண்ணெய்ச் சட்டியோடும் கரண்டிகளோடும் சேர்த்து, டங்கென்று போட்டார்.

சட்டி சாருக்கு உடம்பு ஒரு குலுக்கு குலுக்கியது. ஏழாவது விதி, பதினோராவது விதி, இருபத்து மூன்றாவது விதி மூன்றும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தன. மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினார். விதிகள் இறங்கிப் போயின.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? அலமாரிப் பூட்டு போய்விட்டது. மைத்துனர் வருகிறார், தண்ணீர் குடிக்கிறார், கோப்பைகள் இருபத்திரண்டு இப்போது பதினெட்டாகிவிட்டன. ஆனால் போன ஞாயிறு வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவரை நிறுத்தி வைத்து, "சக்கரமெல்லாம் சும்மா சார். பிசையறதுலதான் கலையோட உயிரே இருக்கு" என்று முக்கால் மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரேயடியாக எதிர்பார்த்தால் எப்படி?

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். உங்கள் வீட்டில் மண்கோப்பையே இல்லை, உங்களுக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதும் தெரிகிறது. சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். போன தடவை அடுப்படியில் ஏதோ விழுந்து நொறுங்கிய சத்தம் கேட்டதே, அப்போது கூடத்திலிருந்து "யார் அது?" என்று அதட்டினீர்களா, இல்லை அடுப்படியிலிருந்து "சரி விடு, ஒரு பொருள்தானே" என்றீர்களா? வேறு வேறு தடவைகளில் இரண்டையும் சொல்லியிருப்பீர்கள். எதை எங்கே நின்று சொன்னீர்கள் என்பதுதான் விஷயம்.