நாற்பத்திரண்டு முள்ளெலிகள்

தரணிதரனுக்குக் கோயமுத்தூருக்கு மாறுதல் வந்து ஒரு வாரமாகியும் குன்னூர்ப் பக்கத்து மீன் அலுவலகத்திலிருந்து விடுவிக்கவில்லை. மேஜையில் ஒரு கோப்பு மிச்சம் இருந்தாலும் விடமாட்டார்கள். சரியாக ஒன்று மிச்சம் இருந்தது.

கடல் முள்ளெலி இருப்பு மதிப்பீடு. கடலடியில் உடம்பெல்லாம் முள்ளாக உருண்டு கிடக்கும் அந்த ஜந்துவை ஆண்டுக்கு எத்தனை பிடித்தால் இனம் அழியாது என்று வரம்பு கட்டுவதற்கான படிவம். எல்லா மாவட்டமும் நிரப்பியாக வேண்டும். நீலகிரிக்காரன் கடலைப் பார்க்க ஆறு மணி நேரமாவது பஸ்ஸில் உட்கார வேண்டும் என்பதைக் குறிப்பிடப் படிவத்தில் இடம் இல்லை.

தரணிதரன் பூஜ்யம் போட்டு அனுப்பினான். அன்று வீடியோ காலில் கோயமுத்தூரில் இருக்கும் மகளிடம், "வெள்ளிக்கிழமை அப்பா ஊட்டுக்கு வந்துருவேன் சாமி" என்றான்.

மூன்று வயசுக் கனிஷ்கா திரும்பி, "அம்மா, போன் மாமா வர்றாராம்" என்றாள்.

மறுநாள் கண்காணிப்பாளர் சசிரேகா கூப்பிட்டார்.

"ஏனுங்க தரணி, பூஜ்யமா போட்டீங்க?"

"மலைல ஏதுங்க மேடம் முள்ளெலி?"

"பழைய படிவத்தப் பாருங்க. பன்னெண்டு வருசமா நாப்பதுன்னு போயிருக்குது. இப்பப் பூஜ்யம்னா, நீங்க வந்தப்புறந்தான் செத்துச்சுன்னு ஆயிரும். விசாரணை வந்தா எங்கீங்க கோயமுத்தூர் போறது?"

"மொதல்ல யாருங்க மேடம் நாப்பதுன்னு எழுதுனது?"

"கையெழுத்துப் புரியலைங்க. எதுக்கும் அஞ்சு பெர்சென்ட் சேத்திப் போட்டுருங்க. நம்ம ஆபீஸ்ல மீனுக்கே அப்படித்தான்."

நாற்பத்திரண்டு என்று திருத்தி அனுப்பினான். நான்காம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இருப்பு பெருகியிருப்பதில் மகிழ்ச்சி. இந்த ஆண்டு எத்தனை பிடிக்கலாம்?

பிடிக்கலாம் என்றால் பிடித்ததைக் காட்டச் சொல்வார்கள். எனவே, 'ஒன்றும் பிடிக்க வேண்டாம். குளிரில் இப்போதுதான் பெருகத் தொடங்கியுள்ளன' என்று பதில் எழுதினான். கோப்பு முடிந்தது என்று பெட்டியையும் கட்டினான்.

அந்தப் பதில், இணை இயக்குநர் லிங்கசாமியையே ஜீப்பில் ஏற்றி மலைக்கு அனுப்பிவிட்டது.

அவர் வந்த அன்று மழை. அலுவலகம் மீன் வளர்க்கும் அணையில் தண்ணீரும் மூடுபனியும் ஒரே நிறத்தில் கிடந்தன. லிங்கசாமி குடையோடு பரிசலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தண்ணீரையே பார்த்தார். எதிரே தரணிதரன் அவரையே பார்த்தான்.

"நாப்பது சரி" என்றார் கடைசியில். "அந்த ரெண்டு எங்கெ?"

"ஆழத்துலைங்க ஐயா."

"கண்ணால பாத்தீங்களா?"

"மிஸ்ட்டுங்க ஐயா."

"நாப்பத நான் கேக்கலீங்க. அந்த ரெண்டக் காட்டுங்க."

பூனை எலியை உருட்டுவதுபோல் உருட்டுகிறார் என்று தரணிதரனுக்கு விளங்கிவிட்டது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் அவர் கோப்பை மடியில் வைத்து எழுதிவிட்டார்: 'மேற்படி இரண்டும் கண்டறியப்படும் வரை, எண்ணிய பணியாளர் இடம் மாறக்கூடாது.'

கரையேறியதும் வீட்டுக்குப் போன் போட்டான். "அப்பா இப்ப வர முடியாது சாமி."

"சரிங்க மாமா" என்றாள் கனிஷ்கா.

பேக்கரி வாசலில் ஜீப் டிரைவர் நஞ்சப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார். தரணிதரன் அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"உங்க ஐயா பெரிய ஆளுங்கண்ணா. பொய்க் கணக்குன்னு எப்படித்தான் கண்டுபுடிச்சாரோ."

நஞ்சப்பன் டீயை ஊதினார்.

"அவரெங்கீங்க கண்டுபுடிச்சாரு? இங்க ஆபீசரா இருந்தப்ப மொதல்ல நாப்பதுன்னு எழுதி உட்டதே அவருதான். அப்புறம் அந்த ரெண்டு மட்டும் எப்படிப் பொறந்துச்சுன்னு மேட்டுப்பாளையத்துலிருந்து பொலம்பீட்டே வந்தாருங்க."