டென்னிஸ் பூச்சு பார்க்கிறார்

ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் என்று ஒரு மனித வகை உண்டு. வாங்குபவர்கள் வேறு, விற்பவர்கள் வேறு. இவர்கள் இரண்டிலும் சேராதவர்கள். எந்தக் கடையிலும் இவர்களைப் பார்க்கலாம். இடது கையில் ஒன்றும் வலது கையில் இன்னொன்றுமாகப் பிடித்துக்கொண்டு, மூன்றாவதாக ஒன்று உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் அன்றைய பொழுது இன்பமாகக் கழியும்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இந்த வகையின் முதல்தரமான மாதிரி, நைனார்பாளையத்து டென்னிஸ். கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறார். ஓட்டினார் என்று சொல்வதே சரி. மலைச்சாலையில் ஏறும்போது ஜீப் நீலமாகப் புகைவிட ஆரம்பித்ததும், சின்னதுரையின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார். எஞ்சினைப் பிரித்துப் பார்த்த சின்னதுரை, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, மாற்றினால் போதும் என்றான். நீங்களோ நானோ என்றால் மாற்றச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். டென்னிஸ் கேட்டார்:

"இன்னா ரிங்கு போடப் போற? மேல இன்னா கோட்டிங்கு?"

"குரோம்தான்ணா. எல்லா வண்டிக்கும் அதான் போட்டுக்கினு இருக்கேன்."

"எல்லாரும் போடறாங்கன்னு நாமளும் போடறதா?"

வினை அங்கேதான் பிறந்தது.

அன்று மாலையே போனும் கையுமாக உட்கார்ந்தார். குரோம் பூசினால் சீக்கிரம் தேயாது, ஆனால் ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. மாலிப்டினம் பூசினால் ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் புழுதி பட்டால் உதிருமாம். நைட்ரைடிங் என்றால் மேலே எதையும் பூசுவதே இல்லை, உலோகத்தின் தோலையே கெட்டிப்படுத்திவிடுவார்கள். இது போதாதென்று வைரத்தைப் போலக் கெட்டியான கார்பனைப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், அது பந்தயக் கார்களுக்கு. மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் ஜீப்புக்கும் பந்தயக் காருக்கும் என்ன சம்பந்தம்? டென்னிஸ் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

ரிங்கோடு நின்றாரா? பிஸ்டனுக்குப் போனார். அதன் தலையில் செராமிக் பூசினால் சூடு கீழே இறங்காது, இடுப்பில் கிராபைட் பூசினால் உரசல் கம்மி. அங்கிருந்து சிலிண்டரின் உட்சுவருக்குப் போனார். உட்சுவரில் குரோம் பூசலாம். ஆனால் குரோமும் குரோமும் உரசக் கூடாது. ஆகவே ரிங்கை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். இது தெரியவந்த அன்று அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை, அவர் மனைவி ஜூலியா தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"இன்னாங்க, வண்டி எப்ப வூட்டுக்கு வரும்?" என்று கேட்டாள் ஜூலியா.

"வரும். அவசரப்பட்டு தப்பா எதனா போட்டுட்டா?"

"ஒண்ணுமே போடாம கெடக்குதே, அதுக்குப் பேரு இன்னா?"

டென்னிஸ் சார்ஜரைத் தேடப் போனார்.

இதற்கு நடுவில் கரியாலூரிலிருந்து பிச்சைமுத்து பஸ் பிடித்துப் பட்டறைக்கே வந்தார். அவர் காட்டில் விளையும் சாமையும் புளியும் பல வருஷமாக டென்னிஸின் ஜீப்பில்தான் மலையிறங்கும்.

"எம்மவ கலையரசிக்குக் கல்யாணம், கள்ளக்குறிச்சி மண்டபத்துல. பொண்ண நீதான் இட்டாரணும் டென்னிஸு. காலேஜில சேந்தப்பவும் அவ உன் வண்டிலதான் எறங்குனா."

"நம்ம வண்டி இல்லாம அவ எறங்கிடுவாளா?" என்று டென்னிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பொய்யில்லை. இந்த வகையினர் பொய் சொல்லுவதே கிடையாது. முழு மனதோடு வாக்குக் கொடுத்துவிட்டு, முழு மனதோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

கல்யாணம் நெருங்கியபோது பாவம், அவரே பயந்துபோனார். ஒரு நாள் பட்டறைக்குப் போய், போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, குரோமே போட்டுவிடு என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சின்னதுரை முந்திக்கொண்டான்.

"அண்ணா, நேத்து ஒரு வீடியோ பாத்தேன். நைட்ரைடிங்ல ரெண்டு வகை இருக்குதாமே?"

இந்த வியாதி ஒட்டுவாரொட்டி என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வகைக்கு ஒரு வீடியோ பார்த்தார்கள். பிறகு அவை இரண்டையும் ஒப்பிட்டு எடுத்த வீடியோவைப் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வண்டி இன்னும் தயாராகவில்லை என்று டென்னிஸ் போன் செய்தபோது, பிச்சைமுத்து, "அதனால இன்னா, சுப்புராயன் வண்டி இருக்குது" என்றார்.

மறுநாள் டென்னிஸ் டவுன் பஸ்ஸில் மண்டபத்துக்கு வந்து இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சுப்புராயனின் ஜீப் வந்தது. முதலில் புகை வந்தது, அதற்குள்ளிருந்து ஜீப் வந்தது, ஜீப்புக்குள்ளிருந்து கலையரசி இருமிக்கொண்டே இறங்கினாள். பட்டுப்புடவையில் டீசல் வாசனை. இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன பேசுவான்? டென்னிஸ் பேசினார்.

"பொகைய பாத்தியாம்மா? ரிங்கு தேஞ்சிட்டுது. அதுக்குத்தான் நான் மாலி கோட்டிங்கு பாத்துக்கினு இருக்கேன். அதுல இன்னான்னா..."

"பொகை ஜாஸ்திதான் மாமா. ஆனா வந்துட்டோம் இல்ல" என்றாள் கலையரசி. அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பார்.

பின்னாலேயே இறங்கிய பிச்சைமுத்து சால்வையை உதறிக்கொண்டே சொன்னார்: "எப்டினா மாமா வண்டி வந்துடும்னு ரோட்டுலயே நின்னுக்கினு இருந்தா. நாந்தான் நேரமாவுதுன்னு ஏத்திக்கினு வந்தேன்."

டென்னிஸ் பந்தியில் உட்காரவில்லை. மொய் எழுதினார். நேரே பட்டறைக்கு நடந்தார்.

"குரோம் போடு."

"அண்ணா, அந்த நைட்ரைடிங்கு..."

"சின்னதுரை, குரோம் போடு. இப்பவே ஆரம்பி. நான் இங்கியே நிக்கறேன்."

நின்றார். கல்யாண வேட்டியில் கிரீஸ் பட்டதைக் கவனிக்காமல் நின்றார். புதுஜோடி கரியாலூருக்கு மறுவீடு போகும் நாளில், டென்னிஸின் ஜீப் மண்டபத்துத் தெருவைத் தாண்டி மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்றது. ஹார்ன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த கலையரசி, வெளியே வந்து முன்சீட்டை மாமியாருக்குக் காட்டிவிட்டு, பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். மலைச்சாலை வளைவுகளில் ஜீப் துளிப் புகையில்லாமல் ஏறியது. கண்ணாடியில் பார்த்தார். கலையரசி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டென்னிஸ் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? வீட்டு வாசல் கேட் துருப்பிடித்துப்போய்ப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறாள் ஜூலியா. துருவைச் சுரண்டிவிட்டுப் பூசுவதா, துருவின் மேலேயே பூசும் ரகத்தை வாங்குவதா என்று டென்னிஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு உதிர்ந்துகொண்டிருக்கிறது.

சிரித்தது போதும். தோசைக்கல் வாங்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் எப்போது சொன்னார்கள்? இரும்பா, நான்ஸ்டிக்கா, செராமிக் பூசியதா என்று எல்லாவற்றையும் போனில் பார்த்து வைத்திருக்கிறீர்களே, நல்லது. இன்றைக்கும் டிபன் உப்புமாதானே?